வராத தண்ணீருக்கு நன்றி

தெருவுக்குத் தண்ணீர் வந்துவிட்டது என்று எழுதுவதா, வரப்போகிறது என்று எழுதுவதா என்பதுதான் அன்று காலை பிரபுவின் ஃப்ளெக்ஸ் கடையில் எழுந்த சிக்கல்.

"வராத தண்ணிய வந்துடுச்சுன்னு எப்பிடிப்பா போடறது?" என்று தயங்கினார் அமிர்தசாமி.

பிரபு கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அண்ணே, வரப்போவுதுன்னு போட்டா அது மனு. வந்துடுச்சுன்னு போட்டாத்தான் நன்றி. மனுவை ஒருத்தரும் படிக்க மாட்டாங்க. தன் மூஞ்சி இருக்கிற பேனரைப் படிக்காத தலைவரு இந்தக் கடலோரத்துலயே கிடையாது. ஊரெல்லாம் நன்றி சொன்னப்புறம் அவரு குடுக்காம எங்க போவாரு?"

அமிர்தசாமிக்கு இது நியாயமாகவே பட்டது. அவர் உப்பளத்து மேஸ்திரி. யாரையும் எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. பஸ்ஸில் தன் காலை மிதித்தவரிடம், "பரவாயில்லைங்க," என்று சொல்லி, அவர் இறங்கும் வரை காலை ஒடுக்கி வைத்துக்கொள்ளும் ரகம். சண்டை போட்டுத் தண்ணீர் வாங்கு என்றால் அவரால் முடியாது. நன்றி சொல்லி வாங்கு என்றால், அது அவருக்குக் கைவந்த கலை.

அவர் குடியிருந்தது செபஸ்தியார் தெரு. ஒரு பக்கம் அளத்தங்கரைப் பேரூராட்சி, மறு பக்கம் பனஞ்சாலை ஊராட்சி. இரண்டுக்கும் எல்லை உப்பு வாய்க்கால் என்றுதான் ஆதியில் இருந்தது. ஒரு புயலில் அந்த வாய்க்கால் இரண்டாகப் பிரிந்து தெருவின் இரு புறமும் ஓட ஆரம்பித்துவிட்டது. பேரூராட்சி தனக்குக் கிட்டே ஓடுவதே எல்லை என்றது. ஊராட்சியும் தனக்குக் கிட்டே ஓடுவதே எல்லை என்றது. நடுவில் தெரு தீவாக நின்றது. வீட்டுவரி கட்டப் போனால் மட்டும் இரண்டு அலுவலகத்திலும் தட்டாமல் வாங்கிக்கொள்வார்கள்.

தெருவில் இருந்தது ஒரே ஓர் அடிபம்பு. அந்தத் தண்ணீரில் உலை வைத்தால் சோற்றுக்கு உப்புப் போட வேண்டாம். காபி போட்டால் சர்க்கரை போட்டும் பயனில்லை. அரசுத் திட்டத்தில் கட்டிய கழிப்பறை வீட்டுக்கு ஒன்று உண்டு. ஊற்றத் தண்ணீரும் இல்லை, ஊற்றினால் போக வழியும் இல்லை என்பதால் அவற்றில் விறகும் கோழிகளும் குடியிருந்தன. குடிக்கப் பேரூராட்சியின் தண்ணி லாரி எப்போதாவது வரும். அதற்குப் பெயர் தற்காலிக ஏற்பாடு. அந்தத் தற்காலிக ஏற்பாடு தொடங்கியபோது அமிர்தசாமியின் மகள் மெர்லின் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். இப்போது அவளுக்குக் கல்யாணமாகி, பிள்ளையும் உண்டாகியிருந்தது.

பிரச்சினையே அங்கேதான். தலைப்பிரசவம் தாய் வீட்டில் நடக்க வேண்டும். ஆனால் மெர்லினின் மாமியார் பெர்னதெத் அம்மாள் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. சென்னைப் புறநகரில் சொந்த வீடு. பேசினால் எதிராளி தானாக எழுந்து நிற்பார். அவர் போனில் ஒரே பாடமாகச் சொல்லிவிட்டார்.

"குழாயில நல்ல தண்ணி வரணும். டாய்லெட்டு ஓடற தண்ணியோட இருக்கணும். ரெண்டும் இருந்தா ஒம்பதாம் மாசம் அனுப்பறேன். இல்லைன்னா பிரசவம் இங்கதான். பச்சப் புள்ளைய உப்புத் தண்ணில ஊறப் போட நான் ஒத்துக்க மாட்டேன்."

அவர் மகன் சார்லஸ் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். தொண்டையைச் செருமும் சத்தம் மட்டும் கேட்டது. அம்மா பேசும்போது மாப்பிள்ளை அதற்கு மேல் பேசுவதில்லை.

அன்றிலிருந்து அமிர்தசாமியின் மனைவி அந்தோணிமேரி சரியாகச் சாப்பிடவில்லை. முதல் பிரசவத்துக்குப் பெண் வராவிட்டால் ஞாயிற்றுக்கிழமை பூசையில் யார் மூஞ்சியில் விழிப்பது என்று கேட்டுக் கேட்டு, கணவர் மூஞ்சியில் விழிப்பதையே நிறுத்திக்கொண்டார். மெர்லினோ போன் செய்யும்போதெல்லாம், "அப்பா, சீக்கிரம் என்னைக் கூட்டிட்டுப் போப்பா," என்பாள். வேறெதையும் சொல்ல மாட்டாள்.

பேனருக்கு முன்னால் மனு கொடுக்காமல் இல்லை. பேரூராட்சித் தலைவர் சிவஞானத்திடம் போனார். மேடைக்கு வெளியிலும் மேடைத் தமிழ் பேசுகிறவர் அவர். "உங்கள் தாகம் என் தாகம்," என்று சொல்லிவிட்டு, மேஜையில் இருந்த பாட்டில் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்து அதை நிரூபித்தும் காட்டினார். பிறகு, தெரு தன் எல்லைக்குள் வராது என்றார்.

ஊராட்சித் தலைவி விருத்தாம்பாள் அப்படியெல்லாம் சுற்றி வளைக்கவில்லை. கடலோர மணல்மேட்டில் தித்திப்பான தண்ணீர் ஊறும் போர்வெல் அவர் ஊருக்குச் சொந்தம். "தண்ணி குடுக்கறது பெரிசில்ல. குடுத்த தண்ணிய குளிச்சுக் கழுவி ஊத்துவீங்க. அது சாக்கடையா எங்க வரும், என் ஊருக்குள்ளதான் வரும். தண்ணிய கேக்க ஆளு இருக்குது, சாக்கடையக் கேக்க யாராச்சும் இருக்கீங்களா?" என்றார். அமிர்தசாமி அந்த அம்மாளுக்கும் நன்றி சொல்லிவிட்டுத்தான் வெளியே வந்தார்.

ஆக, பேனர். கிழக்குக் கடற்கரைச் சாலைத் திருப்பத்தில் ஒரு காலைப்பொழுதில் அது எழுந்து நின்றது. சிவஞானம் கைகூப்பிக்கொண்டிருந்தார், பின்னால் ஏதோ வெளிநாட்டு அருவி கொட்டியது. "செபஸ்தியார் தெருவுக்குத் தண்ணீர் தந்த தங்கமே, தாகம் தீர்த்த சிங்கமே."

பிரபு சொன்னது பலித்தது. பலித்ததுதான் வினை. அந்த வழியாக வந்த சிவஞானம் காரை நிறுத்தி, தன் படத்தோடு தானே படம் எடுத்துக்கொண்டார். மாலையிலேயே தெருவுக்கு வந்தார். அமிர்தசாமி சால்வை போர்த்தினார். தண்ணீர் கொடுப்பதில் தான் சந்தித்த இடையூறுகளைப் பற்றித் தலைவர் நெடுநேரம் பேசினார். பேசப் பேசக் கண் கலங்கியது. தான் தண்ணீர் கொடுத்தேவிட்டதாக மனிதர் உண்மையிலேயே நம்பிவிட்டார் என்பது அமிர்தசாமிக்கு அப்போது புரியவில்லை.

புரிந்தது, லாரி வராதபோது. லாரி டிரைவர் தேவாவுக்குப் போன் போட்டார்.

"உங்க தெருவுக்குத்தான் தண்ணி வந்துடுச்சேண்ணே," என்றான் தேவா. "பேனரை நானே பார்த்தேனே. சேர்மன் லாரியை வேற பக்கம் மாத்தி விடச் சொல்லிட்டாரு."

அமிர்தசாமி ஓடினார். சிவஞானம் கோபப்படவில்லை, மனம் நொந்துபோனார். நன்றி சொன்ன வாயாலேயே குறை சொல்வது தமிழர் பண்பாகாது என்றார். எதிர் வீட்டு ஆராயி அவ்வளவு நயமாகப் பேசவில்லை. காலிக் குடங்களை அமிர்தசாமியின் வாசலில் வரிசையாகக் கவிழ்த்து வைத்துவிட்டு, "இந்தாய்யா மேஸ்திரி, இதுங்களுக்கும் ஒரு சால்வை போத்து," என்றார்.

ஒரு நன்றியால் வந்த கெடுதலை இன்னொரு நன்றியால்தான் சரிசெய்ய முடியும் என்று அமிர்தசாமி நினைத்தார். இரண்டாவது பேனர் விருத்தாம்பாளுக்கு. "மணல்மேட்டு அமுதத்தை வாரி வழங்கிய வள்ளலே." பிரபுவின் யோசனைப்படி அது சிவஞானத்தின் பேனரைவிடச் சற்று உயரமாக இருந்தது. விருத்தாம்பாள் தன் கணவர் பஞ்சநாதனை டேப்போடு அனுப்பி அதை அளந்து பார்த்து உறுதிசெய்துகொண்டார். பிறகு அமிர்தசாமியை வரச் சொன்னார்.

"தண்ணி குடுக்கறேன். ஆனா தண்ணி நான் குடுத்து, நன்றி அவருக்கா? அந்த அருவிக்காரரை முதல்ல எறக்கு."

இறக்கினார். அரை மணிக்குள் சிவஞானத்தின் ஆட்கள் சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். புதுச்சேரிக்குச் சுற்றுலா போன பஸ்கள் உப்பளத்தை வேடிக்கை பார்த்தபடி வரிசையில் நின்றன. இன்ஸ்பெக்டர் வந்து, இறக்கியவரே ஏற்ற வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார். அமிர்தசாமி ஏணியில் ஏறி, சிவஞானத்தை மறுபடி கட்டி, கீழே நின்ற ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்லி இறங்கினார்.

அன்று மாலை பெர்னதெத் அம்மாள் போன் செய்தார். தண்ணீர் எந்த அளவில் இருக்கிறது, நாளுக்கு எத்தனை மணி நேரம் வரும், வேகம் எப்படி என்று துருவித் துருவிக் கேட்டார். எல்லாம் ரெடி, கடைசிக் கட்டம் என்றார் அமிர்தசாமி. போனை வைத்ததும், பிறக்காத பேரப்பிள்ளை மேல் அந்த அம்மாளுக்கு இருக்கும் அக்கறையை நினைத்து மனைவியிடம் உருகினார். அந்தோணிமேரி உருகவில்லை. "பொய் சொன்ன வாயைக் கொப்புளிக்கக்கூட வீட்டுல நல்ல தண்ணி இல்ல," என்றார்.

மூன்றாவது பேனர் சமாதானப் பேனர். இரண்டு தலைவர்களையும் ஒரே படத்தில், ஒரே உயரத்தில், ஒரே அளவு சிரிப்போடு போடச் சொல்லிவிட்டு உப்பளத்துக்கு வேலைக்குப் போய்விட்டார். அது கல்யாண சீசன். பிரபு கைக்கு வந்த டிசைனில் இரண்டு முகங்களையும் பொருத்தி அடித்துவிட்டான். மறுநாள் காலை சாலைத் திருப்பத்தில், ஆளுக்கொரு சிவப்பு இதயத்துக்குள் சிவஞானமும் விருத்தாம்பாளும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மேலே இரண்டு புறாக்கள். ஓரத்தில் வாழை மரம். கீழே, "இணைந்தன இரு உள்ளங்கள், இனித்தது எங்கள் தெரு."

செய்தி கேட்டு முதலில் வந்தவர் பஞ்சநாதன். அமிர்தசாமி சாலைத் திருப்பத்திலேயே அவர் காலில் விழத் தயாரானார். பஞ்சநாதன் நிதானமான மனிதர். பேனரை மேலும் கீழும் பார்த்தார்.

"போட்டோ நல்லாத்தான் விழுந்திருக்குது," என்றார். "புறாவை மட்டும் எடுத்துடுங்க."

ஆனால் அதற்குள் அந்தப் படம் கடற்கரை முழுக்கப் போனில் பறந்துவிட்டது. மேலிடத்திலிருந்து இருவருக்கும் தனித்தனியாகப் போன் வந்தது. இரண்டு உள்ளாட்சிகளும் சேர்ந்து தண்ணீர்ப் பிரச்சினையைத் தீர்த்துவிட்டதாகப் பார்த்தோமே, உண்மையா என்று கேட்டார்கள். இல்லை என்று சொல்ல இருவருக்கும் வாய் வரவில்லை. பேச்சுவார்த்தை சுமுகமாக நடக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். சொன்ன குற்றத்துக்காக நடத்தவும் வேண்டியதாயிற்று.

யார் அலுவலகத்தில் பேசுவது? பெண் வீட்டுக்கு மாப்பிள்ளை வீட்டார்தான் போக வேண்டும், ஆனால் இதில் பெண் வீடு எது என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் தெருமுனையில் செபஸ்தியார் சிலை நிற்கும் கெபிக்கு முன்னால் பந்தல் போட்டார்கள். சிவஞானத்தின் நாற்காலிக்குக் கை இருந்தது. விருத்தாம்பாளின் நாற்காலிக்கு இல்லை. அமிர்தசாமி ஓடிப் போய்த் தன் வீட்டுக் கைநாற்காலியைக் கொண்டுவந்தார். அதற்கு ஒரு கால் ஆடியது. அதை அவரே பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆக, பேச்சுவார்த்தை முழுவதையும் அவர் விருத்தாம்பாளின் நாற்காலிக் காலருகிலிருந்துதான் கேட்டார்.

விஷயம் எளிதுதான். ஊராட்சியிடம் நல்ல தண்ணீர் இருந்தது. பேரூராட்சியிடம் புத்தம் புதிய கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் இருந்தது. ஊராட்சி தண்ணீர் கொடுக்கட்டும், பேரூராட்சி சாக்கடையை எடுத்துக்கொள்ளட்டும். பந்தலில் டீ கொடுத்தவருக்குக்கூட இது புரிந்துவிட்டது. சிவஞானத்துக்கு மட்டும் புரியவில்லை.

"அம்மையார் தண்ணீர் தருவார். நான் சாக்கடை எடுப்பேன். அப்ப பேனர்ல எனக்கு என்னான்னு போடுவீங்க?" மேடைத் தமிழ் பாதியில் கழன்று விழுந்தது. "சாக்கடை கொண்டான்னா?"

தானும் தண்ணீர்தான் தருவேன் என்று சாதித்தார். அப்படியானால் சாக்கடை யாருக்கு என்று விருத்தாம்பாள் கேட்டார். அது உங்களுக்கு என்றார் இவர். இப்படியே டீ இரண்டு சுற்று வந்தது. அப்போதுதான் பேரூராட்சியின் இளநிலைப் பொறியாளர் பிரியதர்ஷினி தலைவரின் காதருகே குனிந்தார். காதில் சொல்வதாகத்தான் நினைத்தார். அந்நேரம் பார்த்துப் பந்தலில் எல்லோரும் பேச்சை நிறுத்தியிருந்தார்கள்.

"சார், நம்ம ப்ளான்ட்டுக்குச் சாக்கடையே போதுமான அளவு வரல சார். திறந்த நாள்லேருந்து மெஷின் சும்மாத்தான் நிக்குது. அடுத்த மாசம் இன்ஸ்பெக்‌ஷன். ஓடலைன்னா யாரு பதில் சொல்றது?"

சிவஞானம் நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்தத் தெருவின் கழிவுநீர் ஒரு சொட்டுக்கூட வெளியே போகாமல் காப்பது தன் கடமை என்று அறிவித்தார்.

விருத்தாம்பாளுக்கு ஊரை ஆண்ட அனுபவம் உண்டு. ஒருவர் அவ்வளவு ஆசையாகக் கேட்கும் பொருளைச் சும்மா கொடுத்துவிட முடியாது. "அதெப்படி," என்றார். "எங்க தண்ணி. எங்க தண்ணிலேருந்து வர்ற சாக்கடை எங்க சாக்கடை. நாங்களும் ஒரு ப்ளான்ட்டு கேட்டு எழுதப் போறோம்."

காலை வரை யாருக்கும் வேண்டாத பொருளுக்கு மதியம் இரண்டு சொந்தக்காரர்கள். இன்னும் உற்பத்தியே ஆகாத சாக்கடைக்காக இரண்டு உள்ளாட்சிகளும் கைநீட்டிப் பேசி எழுந்தன. எழுந்த வேகத்தில் நாற்காலிக் கால் அமிர்தசாமியின் விரலில் இறங்கியது. "பரவாயில்லைங்க," என்றார் அவர்.

அடுத்து வந்தவை ஜேசிபிகள். யார் முதலில் குழாய் பதிக்கிறார்களோ அவர்களுக்கே தெரு என்று இரண்டு பக்கமும் யாரோ சட்டம் சொல்லியிருக்க வேண்டும். கிழக்கு முனையில் பேரூராட்சி வண்டியும் மேற்கு முனையில் ஊராட்சி வண்டியும் ஒரே காலையில் தோண்ட ஆரம்பித்து, இரண்டும் சரியாக அமிர்தசாமி வீட்டு வாசலில் வந்து முட்டிக்கொண்டு நின்றன. வழியில் அடிபம்பின் குழாய் நொறுங்கியது. லாரி முன்பே இல்லை. இப்போது உப்புத் தண்ணீரும் இல்லை. நடக்கத் தெருவும் இல்லை. பனங்கட்டையைப் பள்ளத்தின் குறுக்கே போட்டு ஜனங்கள் வீட்டுக்குள் போனார்கள். ஆராயி ஒருதரம் அதிலிருந்து வழுக்கி விழுந்து, பள்ளத்துக்குள் நின்றபடியே, "மேஸ்திரி, இதுக்கு எப்ப பேனரு?" என்று கேட்டார்.

பெர்னதெத் அம்மாளின் போன் வந்தது. மெர்லினுக்கு ஒன்பதாம் மாதம் பிறந்துவிட்டது. வரும் சனிக்கிழமை அழைத்து வரலாமா, வேண்டாமா?

உள்ளே அந்தோணிமேரி, மெர்லினின் பழைய பருத்திப் புடவையைத் தொட்டில் துணிக்காகக் கிழித்துக்கொண்டிருந்தார். கிழிபடும் சத்தம் கேட்டது. அமிர்தசாமிக்கு என்ன தோன்றியதோ, "வரட்டும்மா," என்று சொல்லிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேராகப் பள்ளத்துக்குள் இறங்கினார். ஒரு பக்க மேட்டில் சிவஞானமும் மறு பக்க மேட்டில் விருத்தாம்பாளும் தத்தம் ஜேசிபிக்காரர்களுக்கு உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார்கள். அமிர்தசாமி நடுவில் நின்று இருவரையும் பார்த்துக் கும்பிட்டார்.

"நான் சொன்ன நன்றியெல்லாம் பொய்ங்க. தண்ணி வரும்னு சொன்னது ஆசைதான். எம் பொண்ணு தலைப்பிரசவத்துக்கு வர்றா. வர்ற புள்ளைய நல்ல தண்ணில ஒரு தடவை குளிப்பாட்டணும், அவ்வளவுதாங்க எனக்கு." பிறகு, யோசித்துப் பேசும் பழக்கம் இருந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டாத ஒன்றைச் சொன்னார். "குடுத்தீங்கன்னா உங்க பேரையே வெக்கறேங்க. பேனர்ல இல்ல, புள்ளைக்கு. பையன் பொறந்தா சிவஞானம். பொண்ணு பொறந்தா விருத்தாம்பாள்."

இரண்டு ஜேசிபிகளும் உறுமலை நிறுத்தின.

பேனர் காற்றில் கிழியும். கல்வெட்டைக்கூட அடுத்து வருகிற கட்சி பெயர்த்துவிடும். ஒரு பிள்ளை எழுபது எண்பது வருஷம் நடமாடும். சிவஞானம் மேட்டின் மேலிருந்து, எதுவுமே பேசாமல் அமிர்தசாமியைப் பார்த்தார். அவர் பேசாமல் இருந்ததை அந்தத் தெரு அன்றுதான் பார்த்தது. விருத்தாம்பாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்க ஆயா பேருய்யா எனக்கு," என்றார். "எம் பேத்திக்கு வெக்கச் சொன்னேன். பழைய பேருன்னு வாணாமுன்னுட்டாங்க."

பிறப்பது ஆணா பெண்ணா என்று யாருக்கும் தெரியாது. அதனால் இருவருமே வேலை செய்தாக வேண்டியிருந்தது. மறுநாளே ஒப்பந்தம் ஆயிற்று. எல்லைக் கோட்டைத் தரையில் போட்டால்தானே சண்டை என்று பிரியதர்ஷினிதான் யோசனை சொன்னார். அதன்படி எல்லை குழாயின் வாயில் போடப்பட்டது. குழாய் வாய் வரை வருவது ஊராட்சி. குழாய் வாயைவிட்டு விழுந்த கணமே பேரூராட்சி. தண்ணீருக்கு நன்றி விருத்தாம்பாளுக்கு. சுகாதாரத்துக்கு நன்றி சிவஞானத்துக்கு. குடித்த தண்ணீர் வயிற்றில் தங்கும் நேரத்தில் அது யாருடைய அதிகார வரம்பில் வரும் என்று ஒரு கிளார்க் கேட்டார். அந்தக் கேள்வியை இருவரும் பெருந்தன்மையாகத் தள்ளுபடி செய்தார்கள்.

விஷயத்தைக் கேட்ட அந்தோணிமேரி திடுக்கிட்டுத்தான் போனார். அப்புறம், "ஞானஸ்நானத்துல நாம ஒரு பேரு வெச்சுக்கலாம், வீட்டுல கூப்பிட அவங்க பேரு இருந்துட்டுப் போவட்டும்," என்று சொல்லிவிட்டார். கல்யாணமான நாள்முதல் தன் புருஷன் உருப்படியாகப் பேசிய ஒரே பேச்சு அந்தப் பள்ளத்துக்குள் பேசியதுதான் என்றும் சொன்னார். தெருவுக்கே கேட்கும்படி.

வெள்ளிக்கிழமை காலை குழாயைத் திறந்தபோது முதலில் காற்று வந்தது, பிறகு செம்மண் கரைசல், பிறகு தண்ணீர். அந்தோணிமேரி இரண்டு கையிலும் ஏந்திக் குடித்துப் பார்த்தார். இன்னொரு வாய் குடித்தார். ஆராயி குடம் குடமாகப் பிடித்து நிறைத்துவிட்டு, நிறைக்க வேறு பாத்திரம் இல்லாமல் தன் தலையிலேயே ஒரு குடத்தைக் கவிழ்த்துக்கொண்டார். கழிப்பறைகளிலிருந்து கோழிகள் வெளியேற்றப்பட்டன. மதியச் சோறு சப்பென்று இருந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சோற்றுக்கு உப்புப் போட்டுப் பழகாத அந்தோணிமேரி, சுற்றிலும் உப்பளம் மின்னும் ஊரில், கடைக்குப் போய் உப்புப் பாக்கெட் வாங்கி வந்தார்.

அமிர்தசாமிக்கு யாருக்கு நன்றி சொல்வது, யாரை விடுவது என்று தெரியவில்லை. செபஸ்தியாருக்குச் சொன்னார். சிவஞானத்துக்கும் விருத்தாம்பாளுக்கும், புறாவை மன்னித்த பஞ்சநாதனுக்கும், இரண்டு ஜேசிபிக்காரர்களுக்கும் சொன்னார். ஆனால் உள்ளூர அவர் கும்பிட்டது பெர்னதெத் அம்மாளைத்தான். அந்த அம்மாள் மட்டும் அன்று அவ்வளவு கறாராகப் பேசியிராவிட்டால், அமிர்தசாமி இன்னும் லாரிக்காகத்தான் காத்திருப்பார். சம்பந்திக்கென்று தனியாக ஒரு சால்வை வாங்கி வைத்தார்.

சனிக்கிழமை கார் வந்தது. மெர்லின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். அந்தோணிமேரி ஆரத்தித் தட்டோடு ஓடினார். மூடிய பள்ளத்தின் புது மண்ணில் கால் புதையப் புதைய, பெர்னதெத் அம்மாள் யாரையும் பார்க்காமல் நேராகக் குழாயடிக்குப் போனார். திறந்தார். கையை நீட்டினார். தண்ணீர் விரல்களில் பட்டுத் தெறிப்பதை வெகு நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். மூக்குக்கண்ணாடிக்குப் பின்னால் கண் நிறைந்திருந்தது.

அமிர்தசாமி சால்வையை எடுக்க உள்ளே ஓடினார். பேரப்பிள்ளை மேல் இப்படியும் ஒரு பாசமா? சால்வையைப் பிரித்துப் போர்த்தி, "உங்களாலதாம்மா இந்தத் தெருவுக்கே விடிஞ்சுது," என்றார். பெர்னதெத் அம்மாள் முதல்முறையாகத் தலையைக் குனிந்துகொண்டார்.

பின்னாலேயே ஒரு குட்டியானை வண்டி வந்து நின்றது. நிறைய மூட்டைகள். பெரிய பெரிய மூட்டைகள். சேலையில் கட்டியவை, போர்வையில் கட்டியவை. அவற்றின் மேல் சார்லஸின் அப்பா உட்கார்ந்திருந்தார். பெண் வீட்டார்தானே சீர் செய்ய வேண்டும், இவர்கள் எதற்கு இவ்வளவு கொண்டுவந்தார்கள் என்று அமிர்தசாமி கூச்சப்பட்டுப்போனார். மூட்டை ஒன்றை இறக்கிக்கொண்டிருந்த மாப்பிள்ளையிடம் ஓடிப்போய் ஒரு கை பிடித்தார்.

"எதுக்கு மாப்பிள்ளை இவ்வளவு சீரு?"

சார்லஸ் அம்மாவை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "சீரு இல்ல மாமா, அழுக்குத் துணி, எங்க நகரு நகராட்சிக்கும் பஞ்சாயத்துக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு அஞ்சாறு மாசமா சொட்டுத் தண்ணி கிடையாது, இங்க வந்துடுச்சுன்னு கேட்டதும் அம்மா வீட்டையே பூட்டிட்டு வந்துட்டாங்க."